அப்படியா சாரும் மடங்காத இலையும்

தலைநகர் தில்லியில், விளம்பரத்தில் போட்டிருப்பதை எழுத்துக்கு எழுத்து நம்பிய ஒரே மனிதர் அப்படியா சார்தான். 'இந்தப் பையைப் புதைத்தால் மண்ணோடு மண்ணாகிவிடும்' என்று ஒரு கடைக்காரன் அச்சடித்திருந்தால், மற்றவர்கள் அந்தப் பையில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். இவர் கத்தரிக்காயைக் கடையிலேயே கொட்டிவிட்டு, பையைப் புதைக்கக் கிளம்பிவிடுவார்.

அவருக்கு வேலையும் அதுதான். 'பசுமை', 'இயற்கை', 'பூமிக்கு நல்லது' என்று பீற்றிக்கொள்ளும் கம்பெனிகள், சொன்னதில் எவ்வளவைச் செய்கின்றன என்று பார்த்து மார்க் போடும் சின்ன ஆபீஸ் ஒன்று ஓக்லா பக்கம் இருந்தது. மார்க் நன்றாக வந்தால் பச்சை முத்திரை கிடைக்கும், வாசலில் மாட்டிக்கொள்ளலாம். போய்ப் பார்த்து மார்க் போட அந்த ஆபீசில் இருந்தது இவர் ஒருவர்தான். யார் எதைச் சொன்னாலும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "அப்படியா?" என்பார். அந்த ஒரு வார்த்தைக்கு ஏ.சி. அறையில் வியர்த்த மேனேஜர்களைப் பார்த்திருக்கிறேன். அவருடைய உண்மைப் பெயர் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் படித்தவர் என்பது மட்டும் தெரியும். தமிழில் சந்தேகப்படுவார், இந்தியில் சண்டை போடுவார்.

நான் அவருக்கு வாகனம். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. பிறகு லாரி கிளீனர், நாக்பூரில் ஆரஞ்சு மண்டி, ஆக்ராவில் செருப்புக் கடை என்று வடக்கே ஏறிக்கொண்டே போனேன். தில்லிக்கு மேலே குளிர் தாங்காது என்றார்கள், நின்றுவிட்டேன். முனீர்காவில் ஒரு மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் படுக்கை. மே மாதம் ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு தூங்குவேன். ஜனவரியில் சட்டைக்குள் செய்தித்தாள். பகலில் பைக் டாக்சி. ஒருநாள் பின்னால் ஏறியவர், என் ஹெல்மெட்டில் இருந்த 'பத்திரமான பயணம்' ஸ்டிக்கரைப் படித்துவிட்டு, "அப்படியா?" என்று கேட்டார். ரிங் ரோட்டில் அவ்வளவு மெதுவாக நான் ஓட்டியதே இல்லை. மறுநாளிலிருந்து அவர் போகிற இடத்துக்கெல்லாம் நானும் போனேன்.

ஒரு காபிக் கடையில், 'எங்கள் ஸ்பூனைக் குப்பையில் போடாதீர்கள், சாப்பிட்டுவிடுங்கள்' என்று எழுதியிருந்தார்கள். மாவில் செய்த ஸ்பூன். சார் ஐஸ்கிரீமைத் தள்ளி வைத்துவிட்டு ஸ்பூனைச் சாப்பிட ஆரம்பித்தார். முன்பல்லில் வைத்தார், கடைவாயில் வைத்தார், காபியில் ஊறப்போட்டார். பக்கத்து மேசைக்கு ஒரு ஜோடி வந்து, சண்டை போட்டு, சமாதானமாகிக் கிளம்பியும் போய்விட்டது. ஸ்பூன் வைத்தது வைத்தபடி இருந்தது. மேனேஜரைக் கூப்பிட்டு, நீங்கள் இதைச் சாப்பிட்டிருக்கிறீர்களா என்று இந்தியில் கேட்டார்.

"ஹான் சார், பஹுத் டேஸ்டி!"

"அப்படியா?" என்று புது ஸ்பூன் ஒன்றை அவன் முன்னால் நீட்டினார்.

தமிழ் தெரியாத அந்தப் பஞ்சாபிக்காரனுக்கும் அந்த வார்த்தை புரிந்துவிட்டது. கடித்தான். உடைந்தது. ஸ்பூன் அல்ல, பல்.

இன்னொரு தடவை பெரிய ஹோட்டல். குளியலறையில் ஓர் அட்டை: 'துண்டைக் கொடியிலேயே போட்டால் நாங்கள் மாற்ற மாட்டோம், தண்ணீரைச் சேமிப்போம், பூமியைக் காப்போம்.' சார் துண்டின் மூலையில் மையால் ஒரு புள்ளி வைத்துக் கொடியில் போட்டுவிட்டு வெளியே போனார். திரும்பி வந்தால் புள்ளி இல்லாத துண்டு தொங்குகிறது. சரி, பழசு எங்கே? பின்படி வழியாக இறங்கிச் சலவை அறைக்கே போய், துண்டு மலைக்குள் தலையை விட்டுத் தேடியிருக்கிறார். காவலாளி துண்டுத் திருடன் என்று அமுக்கிவிட்டான். நான் ஓடிப் போய், "பையா, யே சோர் நஹி ஹை, மார்க் போடுறவர் ஹை!" திருடன் இல்லை என்பதை எனக்குத் தெரிந்த இந்தியில் கத்தினேன். சார் அந்த நிலைமையிலும் புள்ளி வைத்த துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, "கிடைச்சுடுத்து!" என்றார்.

அவரைக் குற்றம் கண்டுபிடிக்கிற ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. உபயோகித்த பிறகு நட்டால் செடி முளைக்கும் என்று ஒரு பென்சில் வந்தது. மிச்சமிருந்த துண்டைத் தொட்டியில் நட்டுத் தண்ணீர் ஊற்றினார். நிஜமாகவே தக்காளிச் செடி முளைத்தது. அன்றைக்கு அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டு, "முளைச்சுடுத்து! முளைச்சுடுத்து!" என்று அவர் குதித்ததில், பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து யாரோ தவறான நம்பருக்குப் பேசுகிறார்கள் என்று போனை வைத்துவிட்டார்களாம்.

இனி விசாலம் அக்கா விஷயம்.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அக்கா மெஸ் வைத்திருந்தார். மதுரைப் பக்கம். நானும் சாரும் அங்கேதான் சாப்பாடு. ஒடுக்கு விழுந்த ஸ்டீல் தட்டு, ஸ்டீல் டம்ளர். மிஞ்சிய சோறு மாடியில் வடாமாகக் காயும். காய்த் தோல் தெருப் பசுவுக்கு. அரிசி களைந்த தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்கு. தட்டில் யாராவது மிச்சம் வைத்தால் அக்கா வாயைத் திறப்பார். வைத்தவர் அதன்பிறகு வாழ்நாளில் எந்த ஊரிலும் மிச்சம் வைக்க மாட்டார்.

சுற்றியிருந்த பழைய சர்க்கார் குவார்ட்டர்ஸை எல்லாம் இடிக்க ஆரம்பித்தார்கள். சாப்பிட வந்தவர்கள் நொய்டாவுக்கும் துவாரகாவுக்கும் போய்விட்டார்கள். மெஸ் இருந்த கட்டடத்தையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அக்காவுக்கு ஒரே வழிதான் மிச்சம். லோதி ரோடு பக்கம் ஓர் அலுவலகத்தில் கேன்டீன் நடத்த ஆள் தேடினார்கள். அக்காவின் சாம்பாரைச் சாப்பிட்டுப் பார்த்துச் சொக்கிவிட்டார்கள். ஆனால் அங்கே கேன்டீன் எடுக்கப் பச்சை முத்திரை வேண்டும் என்று விதி.

"கெடைக்கலேன்னா மருமக வீட்டுக்குத்தான் போகணும். சோபாவுல ஒக்காந்து டி.வி. பாக்குற சோலியெல்லாம் எனக்கு வராதுப்பா" என்றார் அக்கா. அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்; வெங்காயமும் நறுக்கவில்லை.

நம் சார்தானே மார்க் போட வரப்போகிறார் என்று நான் தைரியம் சொன்னேன். அக்காவின் அண்ணன் மகன் கார்த்தி மட்டும் வராமல் இருந்திருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும்.

கார்த்தி குருகிராமில் ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்தான். "அத்தை, பசுமையா இருந்தா மட்டும் போதாது. பசுமையா தெரியணும். இந்தத் தட்டெல்லாம் போட்டோல ஜெயில் மாதிரி இருக்கு. நீங்க டென்ஷன் ஆகாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்றான். பார்த்துக்கொண்டான்.

சாரைப் பின்னால் வைத்துக்கொண்டு நான் போய் இறங்கியபோது, சந்து முழுவதையும் மறைத்துக்கொண்டு ஒரு பச்சை போர்டு நின்றது. 'பூமித்தாய் உணவகம். பிளாஸ்டிக் இல்லவே இல்லை. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு மரம் நடுகிறோம்.'

சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"அப்படியா? நான் எத்தனை வருஷமா இங்க சாப்பிடறேன். என்னோட காடு எங்க இருக்கு?"

"அது... ஃப்யூச்சர்ல சார். ஒரு விஷன்" என்றான் கார்த்தி.

உள்ளே ஸ்டீல் தட்டுகளைக் காணோம். ஆளுக்கொரு வாழை இலை போட்டிருந்தது. வாழை இலை என்றால், வாழை இலை மாதிரி அச்சடித்த காகித இலை. நடு நரம்பு உண்டு, ஓரத்தில் லேசான பழுப்புகூட உண்டு. மேலே பளபளவென்று பிளாஸ்டிக் பூச்சு. சார் உட்கார்ந்து வழக்கம்போல் தண்ணீர் தெளித்தார். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு அவர் மடியில் இறங்கியது. சாம்பாரும் அதே வழியைப் பிடித்தது. ரசம் காத்திருக்கவே இல்லை.

அக்கா கரண்டியோடு தள்ளி நின்றார். சார் சாப்பிட்டு முடித்து, சாப்பாடு பிடித்தது என்பதற்கு அடையாளமாக இலையைத் தன் பக்கம் மடித்தார். இலை திறந்துகொண்டது. மறுபடி மடித்தார். திறந்துகொண்டது. உள்ளங்கையால் அழுத்தி வைத்திருந்து, மெல்லக் கையை எடுத்தார். 'இன்னும் கொஞ்சம் போடு' என்பதுபோல் இலை சாவகாசமாக விரிந்தது.

"மடங்க மாட்டேங்கறதே?"

"இயற்கையான இலை சார். சில இலை அப்படித்தான்" என்றான் கார்த்தி. "அப்படியே பசுவுக்குப் போடலாம்."

அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

சார் இலையைத் தூக்கிக்கொண்டு சந்து முனைக்குப் போனார். அங்கே அக்காவின் காய்த் தோல் வாடிக்கைப் பசு நின்றிருந்தது. அது மோந்து பார்த்துவிட்டு ஒதுங்கிவிடும், விஷயம் முடிந்துவிடும் என்றுதான் சார் நினைத்தார். பசுவும் விளம்பரத்தை நம்புகிற ஜாதி போலிருக்கிறது. சட்டென்று கவ்வி மெல்ல ஆரம்பித்துவிட்டது. சார் பதறிப்போய் மறுமுனையைப் பிடித்து இழுத்தார். பசு அந்தப் பக்கம், சார் இந்தப் பக்கம். நான் சாரின் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். இலை கிழியவில்லை, அதன் உறுதியைப் பாராட்டத்தான் வேண்டும்.

காய்கறிப் பையோடு வந்த ஓர் அம்மாள் நின்றுவிட்டார். "ஹாய் ராம்! காய் கே மூஹ் சே சீன் ரஹா ஹை!" பசுவின் வாயிலிருந்து பிடுங்கித் தின்கிற பாவியைத் தில்லியில் அவர் அன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"பெஹன்ஜி, யே பத்தா நஹி, பிளாஸ்டிக் ஹை!" இது இலை இல்லை, பிளாஸ்டிக் என்று சார் மூச்சிரைக்கக் கத்தினார்.

"ஹரா தோ ஹை! மைம் அந்தீ ஹூம் க்யா?" பச்சையாகத்தானே இருக்கிறது, எனக்கென்ன கண் தெரியாதா என்று அந்த அம்மாள் காய்கறிப் பையாலேயே சாரின் முதுகில் ஒரு போடு போட்டார். கார்த்தியின் விளம்பரம் முழு வெற்றி பெற்றது அந்த ஓர் இடத்தில்தான். கடைசியில் பசு தும்மியது, இலை எங்களிடம் வந்தது, நாங்கள் இருவரும் சாக்கடை ஓரம் உட்கார்ந்தோம்.

சார் திரும்பிப் போய் அக்காவிடம், "சொன்னது எதுவும் இல்லை. பூஜ்யம்" என்றார்.

கார்த்தி குறுக்கே வந்தான். "இத்தனை வருஷம் அத்தை கையால சாப்பிட்டிருக்கீங்க சார். கொஞ்சம்..."

"அதனாலதான்" என்றார் சார். "தப்பைச் சரி பண்ணிட்டு இன்னொரு தடவை பார்க்கக் கூப்பிடலாம்னு விதி இருக்கு. ஒரே ஒரு தடவை. ஜல்தி கூப்பிடுங்கோ."

அடுத்த வாரமே கூப்பிட்டார்கள். போர்டு போயிருந்தது. ஸ்டீல் தட்டுகள் திரும்பியிருந்தன. கார்த்தி மூலையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். சார் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "போர்டு எங்க?" என்று கேட்டார்.

"அதான் கழட்டியாச்சுல்ல" என்றார் அக்கா.

"ஒண்ணுமே சொல்லலைன்னா நான் எதுக்கு மார்க் போடறது? சொன்னதைச் செய்யறேளான்னு பார்க்கறதுதான் என் வேலை. ஏதாவது சொல்லுங்கோ."

கார்த்தி வெங்காயத்தோடு எழுந்தான். அக்கா பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டான். அக்கா சாக்பீசை எடுத்து, அன்றாட ஐட்டம் எழுதும் கரும்பலகையில் இரண்டே வரி எழுதினார். 'ஸ்டீல் தட்டுதான். மிச்சம் வைத்தால் திட்டு விழும்.'

"அப்படியா?" என்றார் சார்.

சாப்பிட உட்கார்ந்தார். ரசம், மோர் எல்லாம் ஆனது. அப்புறம் நான் என் கண்ணையே நம்பவில்லை. தட்டைத் துடைத்ததுபோல் சாப்பிடுகிற மனிதர், ஒரு கைப்பிடி சோற்றை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் கையை உதறினார். சோதனை ஆரம்பித்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. அக்காவுக்குப் புரியவில்லை.

அக்கா அருகே வந்தார். தட்டைப் பார்த்தார். சாரைப் பார்த்தார். "என்ன சார்... ஒடம்புக்கு முடியலையா? மொகம் வாடியிருக்கே" என்றார், என் வாழ்க்கையில் நான் கேட்டிராத ஒரு மெல்லிய குரலில்.

கேன்டீன் போயிற்று என்று நினைத்தேன். பின்னாலிருந்து, திட்டுங்கள், திட்டுங்கள் என்று வாயசைத்தேன். கார்த்தி கத்தியை ஆட்டி ஜாடை காட்டினான். அக்கா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. "சுக்கு தட்டிப்போட்டு ரசம் தரட்டுமா சார்?"

சார் தவித்தார். மார்க் போட அவருக்கு ஒரு வசவாவது வேண்டும். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, தெய்வத்திடம் மன்னிப்புக் கேட்கிறவர்போல் சொன்னார்: "சாம்பார்ல... உப்பு கம்மி."

சந்தில் ஒரு நாய் எழுந்து ஓடியது.

"எவன் சொன்னது? எந்தச் சாம்பாருல உப்பு கம்மி? வெந்நி போடத் தெரியாத ஆளு, எனக்கு உப்பு சொல்லித் தர்றியாய்யா? எங்கிட்டோ வெளைஞ்ச அரிசி ரயிலேறி வந்து, நான் விடியமுன்ன எந்திரிச்சு ஒலையில போட்டா, ஒதுக்கி வச்சு வெளையாடுறியா? மார்க்கு போடுறவருன்னா கொம்பு மொளைச்சிருக்கா? முத்திரையைக் கொண்டுபோயி ஒங்க ஆபீசுலயே ஒட்டிக்க! தட்டு காலியாகாம எந்திரிச்சே, கரண்டிக் காம்பு ஒடைஞ்சிரும், ஆமா!"

சார் கண்ணைத் திறந்தார். பென்சில் முளைத்த அன்றைக்குப் பார்த்த அதே முகம். ஒதுக்கி வைத்த சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டுவிட்டு, எழுந்து கை கழுவிக்கொண்டே, "முழு மார்க்" என்றார்.

இப்போது லோதி ரோட்டில் அக்காவிடம் பெரிய பெரிய அதிகாரிகள் திட்டு வாங்குகிறார்கள். கரும்பலகையும் அங்கேயே மாட்டியிருக்கிறது.

எனக்குக் கால் ஓர் இடத்தில் நிற்காது. சொல்லிக்கொள்ளாமல் ஊர் மாறுவதுதான் என் வழக்கம். அப்படியா சாரிடம் மட்டும் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது. நிஜாமுதீன் ஸ்டேஷனுக்கு அவரே வந்தார். வண்டி நகரும்போது, எல்லோரும் சொல்கிற மாதிரி நானும், "வருஷா வருஷம் வந்து பாப்பேன் சார்" என்று சொல்லிவைத்தேன்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "அப்படியா?" என்றார்.

எந்த ஊரில், எந்த வேலையில் இருந்தாலும், வருடம் ஒருமுறை தில்லிக்கு ரயில் ஏறிவிடுகிறேன்.