லண்டன் கோட்டு

லண்டன் போயே தீருவது என்று தீர்மானித்துவிட்டேன். மைசூர் சயாஜிராவ் ரோடில் கம்பளிக் கோட்டு தைத்தாயிற்று. இட்லியை முள்கரண்டியால் குத்தித் தின்னப் பழகியாயிற்று. சட்னிதான் இன்னும் பிடிகொடுக்கவில்லை.

என் மனைவி யதுகிரிக்கு வேறு ஆசை. அவள் தங்கை பத்மாஸினி சிலோனில், நுவரேலியா மலைக்குளிரில், பிரசவத்துக்குப் பிறகு எழுந்திருக்காமல் கிடந்தாள். பத்மாவின் புருஷன் அங்கே தேயிலைத் தோட்டத்தில் குமாஸ்தா.

"ஒரு தரம் பாத்துட்டு வந்துடறேன்னா. அவளைப் பாத்து ஏழு வருஷமாச்சு."

"சிலோனெல்லாம் ஒரு வெளிநாடா? கூலிக்காரனும் மளிகைக்கடைக்காரனும் போற ஊர். அதுக்கும் இப்ப விசா கேக்கறா. நம்மளை விட்டா அங்கேயே தங்கிடுவோம்னு பயம். லண்டனுக்கு விசாவே வேண்டாம், தெரியுமோ? நேத்துவரைக்கும் நம்மளை ஆண்டவாளே கதவைத் திறந்து வெச்சிருக்கா."

"திறந்தா வெச்சிருக்கா? உங்க ஆபீஸ் பாலன் அங்கே ரூமுக்கு வீடு வீடா அலைஞ்சானாமே. கறுப்பாளுக்கு இடமில்லேன்னு வாசல்லயே பலகையாம்."

"பாலன் கறுப்பு. நான் மாநிறம்."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். மறுநாள், "சரி, நானும் லண்டனுக்கே வரேன். எனக்கும் பாஸ்போர்ட் வாங்கிடுங்கோ" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நாயாய் அலைந்து வாங்கிக் கொடுத்தேன். அது கைக்கு வந்த அன்றே மறுபடியும் சிலோன் பாட்டு ஆரம்பமாயிற்று.

இனி சாஸ்திரம்தான் கதி. மேல்கோட்டையிலிருந்து எங்கள் குடும்ப வாத்தியார் ஆழ்வார் ஸ்வாமியை வரவழைத்தேன். அவர் வார்த்தைக்கு எங்கள் வீட்டில் அப்பீல் கிடையாது. என் லண்டனைப் பற்றி அவரிடம் மூச்சு விடவில்லை.

"ஸ்வாமி, நம்மாத்துப் பொம்மனாட்டி கடல் தாண்டலாமோ?"

"கூடவே கூடாது."

யதுகிரி பாலைக் கொண்டுவந்து வைத்தாள். "பெருமாளே தாண்டின கடலானா, ஸ்வாமி?"

"எந்தக் கடலம்மா?"

"ராமேஸ்வரத்துக்கு அந்தண்டை. லங்கையிலே தங்கை முடியாம கிடக்கா."

வாத்தியார் கண்ணை மூடிக் கைகூப்பினார். "ராமன் திருவடி பட்ட வழி. அதுல என்ன தோஷம்? தாராளமா போ."

"லண்டனுக்கு?" என்றாள் யதுகிரி.

"அங்கே எந்தப் பெருமாள் போனார்? போயிட்டு வந்தவாத்துல நான் திதி பண்ணிவைக்க மாட்டேன்."

அடுத்த மாதம் என் அப்பா திதி. வாயைத் திறக்க வழியில்லை. அவரைக் கூட்டிவந்ததே நான்தானே.

அவர் போனதும் கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். "விசா?"

"பத்மா ஆத்துக்காரர் அங்கே சொல்லி ஏற்பாடு பண்ணியாச்சு. ஒரே மாசம். மேல ஒரு நாள் தங்கப்படாதாம்" என்றாள். "என் தங்கையோட நான் இருக்கறதை யாரோ அளந்து கொடுக்கறான் பாருங்கோ."

எனக்கு எரிச்சல்தான் வந்தது.

மைசூர் ஸ்டேஷனில் பெட்டியைத் தூக்கினேன். கனத்தது. மூடி இடுக்கில் கம்பளிக் கை ஒன்று எட்டிப் பார்த்தது.

"இது என் கோட்டு."

"பத்மா குளிர்ல நடுங்கறா. உங்களுக்கு இங்கே எதுக்கு?"

"கோட்டு கடல் தாண்டினா தோஷமில்லையோ?" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

"இல்லையாம். ஸ்வாமிகிட்ட அன்னிக்கே கேட்டுண்டுட்டேன்."