நிற்காத பாண் ஆட்டோ

வாடிக்கையாளரைக் கண்டதும் வேகத்தைக் கூட்டி ஓடிய ஒரே வியாபாரி, இந்த உலகத்தில் எங்கள் பாண் நானாதான்.

அம்பிட்டியவில் எங்கள் ஒழுங்கை செங்குத்தாக ஏறும் சின்னத் தெரு. மாலையானால் பேக்கரி ரொட்டியான பாணும் கேக்கும் அடுக்கிக்கொண்டு, பாட்டுப் போட்டபடி பாண் ஆட்டோ வரும். ஓட்டி வருபவர் கட்டுகஸ்தோட்டைக்காரர். முஸ்லிம் அண்ணன் என்பதால் எல்லாருக்கும் 'நானா'; சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. இருமல் கேட்கும் வீட்டுக்குக் கேக் விற்க மாட்டார். மாமியார் வந்திருக்கும் வீட்டுக்குக் கேட்காமலே இரண்டு ராத்தல் பாண் எடுத்து நீட்டுவார்.

அந்த வருடம் என் மகள் அபிக்குப் பதினொரு வயது. எடை கொஞ்சம் கூடிவிட்டது என்று டொக்டரிடம் போனோம். "பட்டினி போடாதீங்க, எடையைப் பத்தி வீட்டுல பேசவே பேசாதீங்க. எல்லாரும் ஒரே சாப்பாடு சாப்பிடுங்க. பிள்ளை தினமும் ஓடியாடி விளையாடணும்" என்றார். 'எல்லாரும்' என்னும்போது அவர் கண் என் தொப்பையில் நின்றது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சிவப்பரிசிச் சோறு, கீரை, வல்லாரைச் சம்பல். குளிர்பானப் போத்தல்களில் கொதித்தாறிய தண்ணீர். நான் ஆட்டைப் போல மென்றேன்.

சாப்பாடு சரியாகிவிட்டது, விளையாட்டுத்தான் நடக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அவள் ஓடியதைப் பார்த்து யாரோ சிரித்துவிட்டார்களாம். பள்ளி விட்டு வந்தால் அறைக் கதவு சாத்தியபடியே இருக்கும்.

"என்ன, புள்ளய காணவே கெடைக்கல்ல?" என்று நானா கேட்டபோது, மனைவி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் தாடியைத் தடவிக்கொண்டு போனார்.

மறுநாள் பாட்டுக் கேட்டது. நான் கேட்டைத் திறந்தேன். நானா கையைக் காட்டிவிட்டு நேரே போய்விட்டார்.

"நானா! நிப்பாட்டுங்க!"

"நிப்பாட்ட ஏலா! பிரேக் புடிக்குதில்ல! மேலுக்கு வாங்க!"

பிரேக் பிடிக்காத அந்த ஆட்டோ மேட்டின் உச்சியில் அசையாமல் நின்றது. நான் மூச்சிரைக்க ஏறினேன். பின்னால் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர், ஒரு கையில் இடுப்புச் சாரத்தைப் பிடித்தபடி. நாங்கள் கிட்டப் போனதும் ஆட்டோ இன்னும் கொஞ்சம் நகர்ந்தது.

"யாவாரம் பண்றீங்களா, ரேஸ் ஓட்டுறீங்களா?" என்று கத்தினார் போஸ்ட் மாஸ்டர்.

"ரெண்டும்தான் சேர்!"

தினமும் இதே கூத்து. ஒருநாள் என் செருப்பு ஒன்று கழன்று, வந்த வழியே உருண்டு வீட்டு வாசலில் போய் நின்றது. ஜன்னலில் அபி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று!

"அப்பா, நீங்க ஏன் ரோட்டாலயே ஓடுறீங்க? பின்பக்கப் படிக்கட்டால போனா அவர மடக்கிரலாமே!"

"ஐயோ, என்னால முடியாது. நீ வேணும்னா மடக்கு."

மறுநாள் பாட்டுக் கேட்டதும் பின்கதவு படாரென்று திறந்தது. இரண்டு வீடுகளுக்கு நடுவே ஏறும் சிமெந்துப் படிகளில் அபி தாவி ஏறினாள். என்னைப் பார்த்துக் கையசைத்தபடி நானா திரும்பிய வளைவில், நடுரோட்டில் கைகளை விரித்துக்கொண்டு நின்றாள். பிரேக் அருமையாகப் பிடித்தது.

ஒழுங்கையே சிரித்தது, அவளைப் பார்த்தல்ல, அசடு வழிந்த நானாவைப் பார்த்து. அவர் முதலை மாதிரி நீண்ட, சீனி தூவிய ஒரு கிம்புலா பணிஸை எடுத்து, "ஜெயிச்ச புள்ளக்கி ஒண்டு" என்று நீட்டினார்.

"எப்பவாச்சும் ஒண்ணு சாப்பிடலாம்னு டொக்டர் சொன்னாரு" என்று பாதியைப் பிய்த்து எனக்குத் தந்தாள் அபி. "நாளைக்கு எந்தப் பக்கமா வருவீங்க?"

"வாயால செல்ல மாட்டேன். தேடிப் புடி!"

பிறகு அக்கம்பக்கப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். பெரியவர்களில் பாதிப்பேர் சலித்துப்போய்க் கடையில் பாண் வாங்கத் தொடங்கினார்கள்.

"நானா, யாவாரம் படுத்திருச்சே" என்றேன்.

"அது எழும்பும். புள்ள வெளியில வந்திச்சே, அத செல்லுங்க."

இப்போதும் வருகிறார். நாலு கரண்டி சீனி கேட்பவருக்கு, அபி பாலும் சீனியும் போடாத பிளேன்டீ கொடுக்கிறாள். முகத்தைச் சுளித்துக்கொண்டே கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, "நல்லா ஈக்கு மகள்" என்பார். இப்படி வாய்கூசாமல் பொய் சொல்லும் மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை. அவர் வராத நாளில் எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் ஓடுவதில்லை.