அந்தரத்தில் ஒரு கை

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் ரப்பர் மாமாவைப் போல என் ஆயுளைக் குறைத்த மனிதர் வேறு யாரும் கிடையாது. பகலெல்லாம் கடையில் பாஸ்போர்ட் போட்டோ எடுத்துவிட்டு, சாயங்காலம் டிஜிட்டல் போட்டோவும் எடிட்டிங்கும் சொல்லித்தருகிற எனக்கு மிச்சமிருந்தது கொஞ்சம் பொறுமைதான். அதையும் அவர் மூன்றே மாதத்தில் தீர்த்தார்.

நைனார்பாளையத்தில் மரவள்ளி போடுகிற விவசாயி. மருமகன் காமிரா வாங்கித் தந்துவிட்டதால் கற்றுக்கொள்ள வந்தார். ஃபோகஸ் அவருக்குப் பிடிக்கவில்லை, வெளிச்சம் பார்த்து எடுப்பதும் பிடிக்கவில்லை. எடிட்டிங்கில் அழிக்கிற ரப்பரைக் காட்டினேன், கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கரன்ட் கம்பியை அழித்தார். கோயில் வாசலில் கிடந்த செருப்பை அழித்தார். கரியாலூர் அருவிக்குப் போய் எடுத்த படத்தில் குளித்துக்கொண்டிருந்த அத்தனை பேரையும் அழித்தார். வேகத்தில் பாறையும் தண்ணீரும் சேர்ந்து போக, "சார், அருவி எங்க பூட்ச்சி?" என்று என்னையே கேட்டார்.

"ஒரிஜினல் வெதநெல்லு மாதிரிங்க. அதத் தொடாதீங்க, காப்பி எடுத்துக்கினு அழிங்க" என்று தினமும் கெஞ்சுவேன். "வெதநெல்லத் தொடுவனா சார்?" என்று தலையாட்டிக்கொண்டே ஒரிஜினல் மேலேயே சேவ் செய்வார். எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

இந்த நேரம் பார்த்துத்தானா, சந்தையில் அவர் வாங்கிய மாட்டை அவருடைய மச்சான் நாலு பேர் முன்னால் கிழமாடு என்று சொல்ல வேண்டும்? மச்சான் என்றால் மனைவியின் தம்பி. மாமா சண்டை போடவில்லை. நேரே என் கடைக்கு வந்து, மகளின் கல்யாணப் படங்கள் இருந்த பென்டிரைவைச் செருகி, ஒவ்வொரு படத்திலிருந்தும் மச்சானை அழித்து, வழக்கம்போல ஒரிஜினல் மேலேயே சேவ் செய்தார். ஒன்றில் மட்டும் தடங்கல். தாய்மாமன் மணப்பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டுகிற படம் அது. விரலை அழித்தால் மகளின் நெற்றியும் போய்விடும். அதனால் ஆளை அழித்துவிட்டுக் கையை விட்டுவிட்டார். வாட்ச் கட்டிய கை ஒன்று அந்தரத்திலிருந்து வந்து பட்டம் கட்டியது.

ஆல்பத்துக்குக் கொடுக்கும் முன் அவர் மனைவி பார்த்துவிட்டார்.

"எந்தம்பி எங்க?"

"வெளிச்சம் கம்மி. வுழல."

"வெளிச்சம் கம்மின்னா கை மட்டும் எப்டி வுழுந்துது?"

அன்றோடு பேச்சு நின்றது. தம்பி படத்துக்குள் திரும்பி வந்தால்தான் வாய் திறப்பேன் என்று சொல்லிவிட்டார். கல்யாணத்துக்குப் படம் எடுத்தவரைக் கேட்டால், அவரிடமும் ஒன்றும் மிச்சமில்லை. ஒரு மாதம் ஓடியது. சோற்றுத் தட்டு ணங்கென்று வரும், வார்த்தை வராது. "மாடாவது என்னப் பாத்துக் கத்துது சார்" என்று ஒருநாள் கடையில் உட்கார்ந்து அழுதேவிட்டார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, அலுப்பாகவும் இருந்தது. மச்சானைப் புதிதாகப் படம் எடுத்து ஒட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

அவருடைய பைக்கில், காமிரா ஸ்டாண்டை மடியில் வைத்துக்கொண்டு, எலவனாசூர்கோட்டைக்குப் போனேன். மச்சான் வாசலுக்கு வந்தார். மாமா நலம் விசாரிக்கவில்லை. "அந்தப் பட்டுச் சட்டயப் போட்டுக்கினு வந்து கைய நீட்டு" என்றார்.

மச்சான் பழைய படத்தை வாங்கிப் பார்த்தார்.

"இன்னா மாமா, ஆள அழிச்சிட்டு வாட்ச மட்டும் வுட்டுட்டீங்க?"

"வாட்ச் மேல எனக்குக் கோவம் இல்ல."

ஸ்டாண்டு வேண்டாம் என்று மாமாவே காமிராவைக் கையில் பிடித்து எடுத்தார். முதல் இருபது படமும் ஆட்டம். அடுத்த பத்தில் மச்சானுக்குத் தலை இல்லை. நீட்டிய கை வலிக்க நின்ற மச்சான் கடைசியில் கேட்டார். "மாடு எவ்ளோ கறக்குதுங்க மாமா?"

"வேளைக்கு நாலு லிட்டரு."

"அப்ப நல்ல மாடுதான்."

மதியம் அங்கேயே கறிச்சோறு சாப்பிட்டோம்.

ஒட்டுகிற வேலையை மாமா என்னிடம் தரவில்லை. நாலு சாயங்காலம் தானே உட்கார்ந்து முடித்து, மனைவியைக் கடைக்கே அழைத்து வந்தார். படத்தில் எல்லாருடைய நிழலும் இடது பக்கம். மச்சானுடையது மட்டும் வலது பக்கம். அந்த அம்மா வெகுநேரம் பார்த்தார்.

"எந்தம்பிய வெயில்ல நிக்க வெச்சிக் கறுக்க வுட்டுட்டீங்களே" என்றார். பிறகு, "வாங்க, வூட்டுக்குப் போய் சாப்டலாம்."

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து என் காதோரம் கேட்டார். "சார், நெழலு கரெக்டா வுழுந்துக்குதா?"

அதைச் சரிசெய்ய எனக்குப் பத்து நிமிஷம் போதும்.

"கரெக்டா இருக்குதுங்க" என்றேன். கற்றுக்கொள்ள வந்த வேறு யாரிடமும் நான் இப்படிப் பொய் சொன்னதில்லை. அந்த மனுஷன் நாளைக்கு வந்து கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.