நாலாம் பாகத்துக்கு ஒரு கைக்குட்டை

"எங்க கைதட்டணும்னு மட்டும் சொல்லுங்க அத்தான். மத்ததை இந்தக் கை பார்த்துக்கும்" என்றான் மைத்துனன்.

அவன் உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவன். உள்ளங்கை ஒவ்வொன்றும் ஒரு முறம். சாப்பாட்டு மேசை மேல் அடுக்கியிருந்த காகிதக் கட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி நாற்காலியில் போட்டுவிட்டு, இடம் பண்ணிக்கொண்டு ஒரு தட்டுத் தட்டிக் காட்டினான். தண்ணீர்க் குவளை எகிறிக் குதித்தது.

இசையமைப்பாளர் காதைப் பொத்திக்கொண்டார். இன்று மாலை அரங்கில் அவருடைய புது சிம்பொனி. இசைக்குழுவைப் பற்றிக் கவலையில்லை. நேற்றைய ஒத்திகை கச்சிதம். கவலையெல்லாம் கைதட்டலைப் பற்றித்தான்.

போன வருடம் இதே அரங்கில் அவருடைய படைப்பு ஒற்றை வயலினில் மெல்லத் தேய்ந்து முடிந்தது. முடிந்தது என்று வாசித்தவர்களுக்குத் தெரியும், கேட்டவர்களுக்குத் தெரியவில்லை. ஒரு கை அசையவில்லை. கடைசியில் பின்வரிசையிலிருந்து யாரோ, "கரண்ட் போயிடுச்சா?" என்று கேட்டார்.

அரங்கத்துச் செயலாளர் அன்றைக்கே சொல்லிவிட்டார். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா, நீங்க சினிமாவுல காரைத் துரத்திக்கிட்டே இருங்க சார். இந்தப் பக்கம் வராதீங்க."

"நல்லாக் கேளு" என்றார் இசையமைப்பாளர். "மூணாம் பாகம் இடி விழுந்த மாதிரி முடியும். அங்க தட்டவே கூடாது. நாலாம் பாகத்துல புல்லாங்குழல் தேய்ஞ்சு தேய்ஞ்சு நின்னுடும். அங்க தட்டணும்."

"இடி விழுந்தா சும்மா இருக்கணும், ஒண்ணுமே கேக்கலேன்னா தட்டணும். நல்லா இருக்கு அத்தான் உங்க நியாயம்!"

மனைவி உள்ளே வந்தாள். "என்னங்க, வண்டி வந்தாச்சு. எந்தக் கட்டு எங்க போகணும்?"

ஒரு கட்டு, மதியம் ஸ்டுடியோவில் பதிவாக வேண்டிய கார் துரத்தல் காட்சியின் இசை. இன்னொன்று சிம்பொனியின் நாலாம் பாகம். கடைசி நேரத்தில் புல்லாங்குழலில் கைவைத்துத் திருத்தியதால் தாள்கள் அத்தனையும் புதிது.

"மேல இருக்கறது ஸ்டுடியோவுக்கு, அடியில இருக்கறது அரங்கத்துக்கு" என்றார், திரும்பிப் பாராமலே.

"நீங்க ஸ்டுடியோவுக்குப் போகலையா?"

"உதவியாளர் பார்த்துப்பார். எனக்கு இங்க பெரிய வேலை இருக்கு."

உதவியாளர் தங்கமான மனிதர். எந்தத் தாளை நீட்டினாலும், "சார் ஏதோ யோசிச்சுத்தான் செஞ்சிருப்பார்" என்று தலையாட்டுகிறவர். மனைவி கட்டுகளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"புல்லாங்குழல் வர்றதுக்குள்ள நான் தூங்கிட்டா?" என்றான் மைத்துனன்.

"பக்கத்துல உங்க அக்கா உக்காந்து கிள்ளுவா."

"அக்காவா? அவ எனக்கு முன்னாலயே தூங்கிடுவாளே!"

அதுவும் உண்மை. இசையமைப்பாளர் யோசித்தார். "சரி, அவளை என் பக்கத்துல உக்கார வச்சுக்கறேன். நாங்க மேல் மாடத்துல இருப்போம். நீ மேடையைப் பாக்காதே, என்னையே பாரு. முடிஞ்சதும் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து முகம் துடைப்பேன். உடனே தட்டு."

"அப்போ நம்ம ஜிம் பசங்களையும் கூட்டிக்கிட்டு வரேன். நான் கண்ணசந்தாலும் எவனாவது ஒருத்தன் பார்ப்பான்."

மாலையில் அவர்கள் வந்தார்கள். இரண்டு வரிசை நிறைய மலை மலையான ஆட்கள். அத்தனை பேரும் மேடைக்கு முதுகு காட்டாத குறையாக, கழுத்தை ஒடித்து மேல் மாடத்தையே வெறித்தார்கள்.

"ஏங்க, அவங்கல்லாம் ஏன் உங்களை அடிக்கப் போற மாதிரி பாக்கறாங்க?" என்றாள் மனைவி.

"ரசிகர்கள்" என்றார் இசையமைப்பாளர்.

முதல் பாதி வேறொருவருடைய கச்சேரி. இடைவேளையில் சினிமா இயக்குநர் போன் செய்தார். "யோவ், என்னய்யா பண்ணி வச்சிருக்கே? கார் துரத்தலைப் பார்த்து நான் அழுதுட்டேன்யா!"

"அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"மோசமா? எடிட்டர் என் தோள்ல சாஞ்சு அழறாரு!"

டீ ஆறிப்போனால்கூடக் கண்கலங்குகிற மனிதர் அந்த இயக்குநர். மணி அடித்ததும் இசையமைப்பாளர் போனை அணைத்துவிட்டு ஓடினார்.

சிம்பொனி தொடங்கியது. முதல் பாகம் பிரமாதம். இரண்டாம் பாகத்தில் அவருக்கு வேர்க்க ஆரம்பித்தது. கை தன்னால் சட்டைப் பைக்குப் போனது. கீழே இரண்டு வரிசைகளில் அத்தனை முறங்களும் ஒரே நேரத்தில் மேலெழுந்தன. பதறிப்போய்க் கையை இழுத்துக்கொண்டார்.

நெற்றியை முழங்கையால் துடைத்தார். பிறகு டையால். பிறகு நிகழ்ச்சித் தாளால். அதன் மை அவர் கன்னத்துக்கு வந்துவிட்டது. மூன்றாம் பாகம் முரசுகளோடு முட்டி மோதிக்கொண்டு ஏறியது. கொம்புகள் அலறின. வேர்வை மூக்கு நுனியில் வந்து தொங்கியது.

இடி விழுந்தது.

அந்த இடியில் மனைவி தூக்கம் கலைந்து நிமிர்ந்தாள். கணவரைப் பார்த்தாள்.

"ஐயையோ, என்னங்க இது, கரியும் வேர்வையுமா!" என்று அவர் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை உருவி, குழந்தைக்குத் துடைப்பதுபோல் அழுத்தித் துடைத்தாள்.

"வேண்டாம்! வேண்டா..."

கீழே இரண்டு வரிசை மலைகள் எழுந்து நின்றன. அரங்கம் அதிர்ந்தது. அவர்கள் எழுந்ததைப் பார்த்துப் பக்கத்து வரிசை எழுந்தது, பிறகு பின்வரிசை, பிறகு எல்லாரும்.

"இன்னும் இருக்கு! நாலாம் பாகம் இருக்கு!" என்று மாடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கத்தினார் இசையமைப்பாளர். ஜனங்கள் அண்ணாந்து பார்த்து இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

மேடையில் முதல் வயலின்காரர் இசைக்குழு நடத்துநரின் கோட்டைப் பிடித்து இழுத்தார். நடத்துநர் சட்டென்று திரும்பிக் குனிந்து வணங்கினார். இசைக்குழு எழுந்து, வணங்கி, பள்ளி விட்ட பிள்ளைகள் மாதிரி மேடையை விட்டு ஓடியே போய்விட்டது.

மாதக்கணக்கில் உருகி உருகி எழுதிய புல்லாங்குழல், ஒரு மூச்சுக்கூட வெளியே வராமல் போயிற்று.

படிக்கட்டில் செயலாளர் வழிமறித்துக் கட்டிப்பிடித்தார். "முடிவுன்னா இது முடிவு சார்! அடுத்த வருஷமும் நீங்கதான். எழுதி வச்சுக்கோங்க!"

"அத்தான், எப்படி?" என்று மைத்துனன் சிவந்துபோன கைகளை நீட்டினான்.

இசையமைப்பாளருக்கு அழுவதா அவனைக் கடிப்பதா என்று தெரியவில்லை. செயலாளரிடம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. வாசித்தவர்களிடமாவது மன்னிப்புக் கேட்கலாம் என்று மேடைக்குப் பின்னால் போனார். அங்கே இசைக்குழுவின் தாள்களை அடுக்கி வைக்கும் அம்மா, அவரைக் கண்டதும் ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் கைதட்டல் மட்டும் வராம இருந்திருந்தா நம்ம மானமே போயிருக்கும் சார்! நாலாம் பாகம்னு தாளைப் புரட்டினா, அத்தனை பேர் முன்னாலயும் கார் துரத்தற இசைதான் இருந்துச்சு!"