மூணாம் படிக்கு முட்டு

"வீட்டுக்கு ஒரு கிலோ! அதற்கு மேல் வாங்குகிறவன் மனுஷனே இல்லை!"

இப்படி முழங்கியவர் பத்ரிநாத். முழங்கிய இடம், நிக்டியில் சுகநிவாஸ் சொசைட்டியின் மொட்டை மாடி. முழங்கிய மொழி, கிட்டத்தட்ட இந்தி. கல்யாணத்துக்கு முன்பே புனேக்கு வந்தவர்தான். இருந்தும் அவருடைய இந்தி இன்னும் கும்பகோணத்திலிருந்து ரயில் ஏறவில்லை. அதனால் என்ன? அன்றைக்கு அவருக்கு ஆவேசம் வந்திருந்தது. தொண்ணூற்றெட்டாம் வருஷம், மகாளய அமாவாசை, ஞாயிற்றுக்கிழமை. வெங்காயத்தின் விலை ஆப்பிளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த நேரம். சொசைட்டிக்கு அவர்தான் செக்ரெட்டரி. அவர் பேசாமல் யார் பேசுவது?

"ஏக் கர், ஏக் கிலோ!" என்று கையை உயர்த்தினார். மாடியே கைதட்டியது. கீழ் வீட்டு ஜக்தாப், தொழிற்சாலை ஃபோர்மேன், நல்ல ஆகிருதி, எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார். பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சந்திரிகாகூடக் கைதட்டினாள். சந்திரிகா பத்ரிநாத்தின் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து அவள் அவருக்குக் கைதட்டியது அதுதான் முதல் தடவை.

கூட்டம் கலைந்தது. சந்திரிகா சுண்டலுக்குக் கொண்டைக்கடலை வாங்கப் போனாள். பத்ரிநாத் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு நேரே பிம்ப்ரி மண்டிக்குப் போய் ஒரு மூட்டை வெங்காயம் வாங்கிவிட்டார்.

அட, என்ன மனுஷர் என்று கோபப்படாதீர்கள். அவர் வேலை அப்படி. கம்பெனியில் அவர் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். "ஸ்டாக் இல்லை" என்று யாராவது சொன்னால் அவருக்கு உள்ளங்கை வேர்க்கும். வளைகுடாச் சண்டையின்போது குளியலறை நிறையக் கெரோசின் வாங்கி வைத்தார். வீட்டில் வெகுநாள் எல்லோரும் கெரோசின் வாசனையோடுதான் குளித்தார்கள். இன்னொரு தடவை சர்க்கரை. அதை எறும்புதான் சாப்பிட்டது. அதற்குப் பிறகு சந்திரிகா சுவாமி விளக்கின் முன்னால் நிறுத்தி அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தாள், இனிமேல் இந்த வீட்டுக்குள் மூட்டை என்று எதுவும் வராது என்று.

ஆனால் கம்பெனி கேன்டீனில் ஒருத்தன், "தசராவுக்கு அப்புறம் வெங்காயத்தைப் படத்தில்தான் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டானே! அன்றிலிருந்து பத்ரிநாத்துக்கு ஒரே கனவு. நவராத்திரி முடிகிறது. நிக்டி முழுக்க வெங்காயமில்லாமல் தவிக்கிறது. அவர் வீட்டில் மட்டும் வெங்காய சாம்பார் கொதிக்கிறது. சந்திரிகா அவர் பக்கம் திரும்பி, "நல்ல வேளை, நீங்க இருந்தேள்" என்கிறாள். இந்த வாக்கியத்தை அவள் வாயால் கேட்க வேண்டும். அதற்காகத்தான் இத்தனையும்.

சரி, மூட்டை வந்துவிட்டது. எங்கே ஒளிப்பது? இருப்பது இரண்டு அறை. அவள் கண் படாத மூலை கிடையாது. அப்போதுதான் அம்பாளே வழி காட்டினாள். அன்றைக்குக் கொலுப்படி கட்ட வேண்டிய நாள்!

சந்திரிகா கடலையோடு திரும்பி வந்தபோது ஹாலில் படி தயார். இரும்புப் பெட்டி, டின், பலகை எல்லாவற்றின் மேலும் வெள்ளை வேஷ்டி விரித்து, நுனி மடித்து, பக்கத்தில் பத்ரிநாத் வேர்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன்னா, நீங்களாவா கட்டினேள்?"

"ஏன், கட்டப்படாதா?"

"வருஷா வருஷம் அமாவாசை வந்தா உங்களுக்கு இடுப்பு வலி வருமே."

"அம்பாள் காரியம்டி. இடுப்பைப் பார்த்தா முடியுமா?"

அவள் மூன்றாம் படியை அழுத்திப் பார்த்தாள். "போன வருஷம் இது ஊஞ்சல் மாதிரி ஆடித்து. இப்போ கல்லாட்டம் இருக்கே!"

"முட்டுக் கொடுத்திருக்கேன்."

"எதை வெச்சு?"

"பழைய பேப்பர்."

"பேஷ்," என்றாள். கொலுப் பொம்மைகளில் செட்டியாரும் செட்டிச்சியும் இருக்கிறார்களே, முன்னால் அரிசி, பருப்பு பரப்பிக்கொண்டு கடை வைத்திருப்பவர்கள், அவர்களைக் கையில் எடுத்தாள். "இவாளை இந்தப் படியிலேயே வெச்சுடறேன். கடைன்னா கீழே ஒரு கோடவுன் வேண்டாமா?"

பத்ரிநாத் சட்டென்று திரும்பினார். அவள் முகத்தைப் பார்த்தார். குழந்தை முகம். பாவம், ஏதோ வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

கொலு வைத்தாயிற்று என்றால் வைத்ததுதான். விஜயதசமியன்று ஒரு பொம்மையைப் படுக்க வைக்கும்வரை யாரும் படியை அசைக்க முடியாது. இதைவிடப் பத்திரமான கோடவுன் உலகத்தில் உண்டா? பத்ரிநாத் நிம்மதியாகத் தூங்கினார்.

அந்த வருஷம் அவர்கள் கொலுவுக்கு வந்த கூட்டம் இருக்கிறதே! ஒரு நாளும் எட்டிப் பார்க்காத பஞ்சாபிக்காரி வந்தாள். குஜராத்தி அம்மாள் நாத்தனாரையும் அழைத்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொருத்தியும் வெற்றிலை பாக்குப் பையைத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். தேங்காய் நல்ல பெரிசாக வாங்கியிருக்கிறாள் போலிருக்கிறது என்று பத்ரிநாத் நினைத்தார். வாசலில் பார்க்கிறவர்கள் எல்லாம் "நமஸ்தே செக்ரெட்டரி சாப்" என்று அவரைப் பார்த்துக் குனிந்தார்கள். 'பேச்சு நன்றாக எடுபட்டிருக்கிறது' என்று அவர் மார்பை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

நடுவில் ஒரு சாயங்காலம் ஜக்தாப்பின் மனைவி வந்தாள். சந்திரிகா அவளை வஹினி என்பாள், அதாவது மன்னி. அவள் பத்ரிநாத்தைப் பாவ்ஜி என்பாள், மைத்துனரை அழைக்கிற மாதிரி. வஹினி குங்குமம் இட்டுக்கொண்டு கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் பெருமூச்சு விட்டாள்.

"சனிக்கிழமை நம்ம பெண் தேஜஸ்வினியைப் பார்க்க வருகிறார்கள், பாவ்ஜி. நல்ல இடம். பையன் சாக்கனில் இன்ஜினீயர்."

"ரொம்ப சந்தோஷம்!" என்றார் பத்ரிநாத்.

"என்ன சந்தோஷம்? வீட்டில் ஒரு காந்தா இல்லை!"

மராத்திக்காரர்கள் பெண் பார்க்க வந்தால் காந்தே போஹே கொடுக்க வேண்டும். வெங்காயம் போட்ட அவல் உப்புமா. பெண் பார்க்கிற சடங்குக்கே அந்தப் பெயர்தான். நமக்கு பஜ்ஜி சொஜ்ஜி மாதிரி. வெங்காயமில்லாமல் அதைக் கொடுத்தால் வந்தவர்கள் என்ன நினைப்பார்கள்?

"அவர் மூன்று நாளாக மண்டி மண்டியாக அலைகிறார். அழுகினதுதான் இருக்கிறது. உங்களுக்கு நாலு பேரைத் தெரியுமே, பாவ்ஜி. எங்கேயாவது அரைக் கிலோ கிடைக்குமா? பெண்ணைப் பெற்றவள், கேட்கிறேன்."

பத்ரிநாத்தின் முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளி, வேஷ்டிக்குப் பின்னால் மூட்டை இருந்தது. செட்டியார் பொம்மை அவரையே பார்த்தது. கொடுத்துவிடலாம். ஆனால் எங்கிருந்து வந்தது என்று சொல்வது? கைதட்டினவர்கள் காறித் துப்பமாட்டார்களா?

"வஹினி," என்றார், குரலைத் தழைத்துக்கொண்டு. "நவராத்திரி இல்லையா? எங்கள் வீட்டில் இந்த ஒன்பது நாளும் வெங்காயம் வாசற்படியே தாண்டாது."

வஹினி, "ஐயோ, தெரியாமல் கேட்டுவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவளே மன்னிப்புக் கேட்கிறாள்! பத்ரிநாத் தரையைப் பார்த்தார். சமையலறையிலிருந்து சந்திரிகா பெரிய பையோடு வந்தாள். வாயைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தாள். "ஆத்துல போய்ப் பிரிங்கோ" என்று தன் மராத்தியில் சொல்லி வழியனுப்பினாள்.

அன்றைக்கு ராத்திரி பத்ரிநாத்துக்குச் சாதம் இறங்கவில்லை. ஸ்டாக் மன்னரான அவரால் சேர்த்து வைக்கவே முடியாத ஒரே சாமான் காஸ். போன மழைக்காலத்தில் காஸ் தட்டுப்பாடு. வீடு நிறைய விருந்தாளி. அடுப்பு அணைந்துவிட்டது. யாரும் கேட்கவில்லை. ஜக்தாப் தன் வீட்டில் இருந்த மாற்று சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு படியேறி வந்தார். "எங்களுக்கு ஸ்டவ் இருக்கிறது, பாவ்" என்று இறக்கி வைத்துவிட்டுப் போனார். அவர்கள் வீட்டு காஸும் தீர்ந்துபோய், வஹினி அந்த மாதம் முழுக்க மண்ணெண்ணெய்ப் புகையில் சமைத்தாள். அந்த மனுஷியின் பெண்ணுக்கு நாலு வெங்காயம் இல்லையென்று அம்பாளுக்கு நேரே உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். நினைக்க நினைக்கக் கூசியது. தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

சனிக்கிழமை காலை சந்திரிகா பக்கத்துக் கட்டிடத்துக்கு மஞ்சள் குங்குமத்துக்குப் போனாள். பத்ரிநாத் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். நாலு வெங்காயம் எடுத்து, ஜக்தாப் வீட்டு வாசலில் வைத்துவிட்டு, மணியை அடித்துவிட்டு ஓடிவந்துவிட வேண்டும். வயது என்ன, பதவி என்ன என்றெல்லாம் பார்க்கவில்லை. கொலுவுக்குப் பக்கவாட்டில் குப்புறப் படுத்தார். வேஷ்டியைத் தூக்கிக் கையை நுழைத்தார். மூட்டை கிடைத்தது. வாய் அவிழ்ந்திருந்தது. உள்ளே துழாவினார்.

நார் தட்டுப்பட்டது.

இழுத்துப் பார்த்தார். தேங்காய். அதைத் தள்ளிவிட்டு ஆழமாகத் துழாவினார். இன்னொரு தேங்காய். அதற்கடியிலும் தேங்காய். தோள்வரை கையை விட்டுப் பார்த்தார். மூட்டை முழுக்கத் தேங்காய். ஒரு வெங்காயச் சருகுகூட இல்லை. மூன்றாம் படி மட்டும் கல்லாட்டம் நின்றது.

யார் எடுத்தது என்று யாரைக் கேட்பது? கேட்டால் இருந்ததென்று ஒப்புக்கொண்டதாகிவிடும். சந்திரிகா திரும்பி வந்து, "சட்டையெல்லாம் என்ன ஒட்டடை?" என்றாள். "சூரிய நமஸ்காரம் பண்ணினேன்" என்றார். "கொலுவுக்குப் பின்னாலயா சூரியன் இருக்கார்?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் ஜக்தாப் வந்து அவர் கையைப் பிடித்து இழுத்தார். "செக்ரெட்டரி சாப் சபையில் இருந்தால் எங்களுக்கு மரியாதை." போகாமல் தப்ப முடியுமா? பிள்ளையின் அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் அவரை உட்கார வைத்தார்கள். பட்டுப்புடவையில் தேஜஸ்வினி தட்டுகளோடு வந்தாள். வாசனை முதலில் வந்தது. அப்புறம் போஹே. அதில் அவலைவிட வெங்காயம் அதிகம். பொன்னிறமாக, பளபளவென்று, தட்டு வழிய வழிய.

பிள்ளையின் அப்பா கண்ணை அகல விரித்தார். "இந்தக் காலத்தில் இவ்வளவு காந்தாவா?"

"எல்லாம் இவர் கொடுத்தது," என்று ஜக்தாப் பத்ரிநாத்தின் தோளில் கை வைத்தார். "எங்கள் கட்டிடத்தில் வீட்டுக்கு ஒரு கிலோ. மாடியில் சொன்னார், சொன்னபடி செய்தார். விளம்பரம் கூடாதென்று வெற்றிலை பாக்குப் பையில் தேங்காய்க்குப் பதிலாக வைத்து, தன் மனைவி கையால் கொடுத்தனுப்பினார். என் மனைவி கேட்டபோதுகூட வெங்காயமே தெரியாது என்று முகத்தை வைத்துக்கொண்டார். மனுஷன் என்றால் இவர் மனுஷன்!"

சபையே அவரைப் பார்த்துக் கும்பிட்டது. பத்ரிநாத்துக்கு நாற்காலியோடு தரைக்குள் போய்விடலாமா என்றிருந்தது. காது சுட்டது. கண்ணில் ஜலம் முட்டிக்கொண்டு வந்தது. "காந்தா கண்ணில் பட்டுவிட்டது" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். "அக்கம்பக்கமே இப்படி என்றால் குடும்பம் எப்படி இருக்கும்!" என்றார் பிள்ளையின் அப்பா. அங்கேயே சம்பந்தம் நிச்சயமாயிற்று.

அப்போது வஹினி ஒரு தட்டைப் பயபக்தியோடு கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். வெள்ளை வெளேரென்று அவல். ஒரு துண்டு வெங்காயம் கிடையாது.

"நீங்கள் ஒன்பது நாளும் தொடமாட்டீர்களே, பாவ்ஜி. உங்களுக்கென்று தனிக் கடாயில் பண்ணினேன்."

இரண்டு பக்கமும் எல்லோரும் அவருடைய வெங்காயத்தை ரசித்து ரசித்துச் சாப்பிட்டார்கள். அவர் வெறும் அவலை மென்று விழுங்கினார். பெண்கள் நடுவில் சந்திரிகா வெங்காயப் பக்கமே பார்க்காமல் டீ மட்டும் குடித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் பத்ரிநாத் கொலுவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்போ தெரியும்?"

"எது?"

"அதுதான்."

"எதுன்னு வாயைத் திறந்து சொல்லுங்கோ."

"வெங்காயம்."

"அமாவாசையன்னிக்கே. ஸ்கூட்டர்ல கால் வைக்கிற இடம் பூரா சருகு. யார் பெருக்கினதுன்னு நினைச்சேள்?"

"அப்பவே கேட்டிருக்கலாமே, சந்திரிகா."

"கேட்டா ஒரு பொய் சொல்லுவேள். அதுக்கு மேல இன்னொண்ணு." அவள் கோபப்படவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "மாடியில நீங்க பேசினப்போ நானும் கைதட்டினேன். இவர் எங்காத்துக்காரர்னு பெருமையா இருந்துது. அதை எப்படி விட்டுக் கொடுக்கறது? அதான் நீங்க சொன்னதை நிஜமாக்கிட்டேன். தராசு வெச்சு நிறுத்தேன். ஜக்தாப் ஆத்துக்கு மட்டும் ரெண்டு பங்கு."

பத்ரிநாத்துக்குத் தலை நிமிரவில்லை. இத்தனை நாளாக வாசலில் வாங்கிக்கொண்ட நமஸ்தே ஒவ்வொன்றும் ஞாபகம் வந்தது. அத்தனையும் அவளுக்குச் சேரவேண்டியது. அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாங்கியிருக்கிறார். "நல்ல வேளை, நீ இருந்தே" என்றார்.

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் அவருக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. வெங்காய சாம்பார் ஒருதரம் கண்முன்னால் கொதித்து அடங்கியது.

"அது சரி," என்று மெல்ல ஆரம்பித்தார். "தசமிக்கப்புறம் நமக்குன்னு எவ்வளவு வெச்சிருக்கே?"

"நமக்கா?" சந்திரிகா மூன்றாம் படிக்குப் பின்னால் கையை விட்டு ஒரு தேங்காயை எடுத்து அவர் கையில் வைத்தாள். "வெங்காயம் நம்மாத்து வாசப்படி தாண்டாதுன்னு வஹினிகிட்ட சொன்னேளே. தாண்டினதை ஒண்ணு விடாம வெளியில அனுப்பிட்டேன். இதை உடைச்சுத் துருவுங்கோ. இன்னிக்குத் தேங்காய் சாதம். தசமி வரைக்கும் தேங்காய் சாதம்."