சுகுணா மிஸ் வகுப்பில் ஆக்டிவிட்டி பீரியட்

ஒரு காட்டில் சிங்கம் உண்டா, புலி உண்டா என்று இப்போதெல்லாம் யாரும் கேட்பதில்லை. இங்கிலீஷ் மீடியம் உண்டா என்றுதான் கேட்கிறார்கள். இந்தக் காட்டில் உண்டு. ஆலமரத்தடியில் கரடித் தாளாளர் நடத்திய பள்ளி. அங்கே யூ.கே.ஜி. ‘பி’ பிரிவுக்கு சுகுணா மிஸ் என்ற கௌதாரி பாடம் எடுத்து வந்தாள்.

கெட்டிக்காரிதான். ஆனால் அந்த வருஷம் அவளுக்கு ப்ரோநவுனில் கண்டம் இருந்தது. ‘ஐ’ என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டுவாள். நாற்பது குட்டிகளும் ஓடி வந்து அவள் நெஞ்சையே தொடும். ‘யூ’ என்று ஒரு குட்டியைக் காட்டினால், நான் ஒண்ணும் பண்ணலை மிஸ் என்று அது அழ ஆரம்பித்துவிடும்.

தாளாளரோ கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெற்றோர் தினத்தன்று பிள்ளைகள் ஏழு ப்ரோநவுனையும் விரல் நீட்டிச் சொல்ல வேண்டும். சொன்னால் சுகுணா மிஸ்ஸுக்கு வேலை நிரந்தரம். சொல்லாவிட்டால் பழையபடி கரையான் புற்றைக் கிளறப் போகலாம். கிளறுவதை நினைத்தாலே அவளுக்கு நகமெல்லாம் வலித்தது.

அந்தச் சமயம் பார்த்து வகுப்பு வாசலில் ஒரு மலைப்பாம்பு வந்து நின்றது. சும்மா சீறியிருந்தால் சுகுணா மிஸ் பிள்ளைகளை விரட்டிக்கொண்டு ஓடியே போயிருப்பாள். பாம்பு சீறவில்லை. “மே ஐ கம் இன், மிஸ்?” என்றது.

என்ன உச்சரிப்பு, என்ன பணிவு. சுகுணா மிஸ்ஸுக்கு இறகெல்லாம் சிலிர்த்தது. யெஸ், கம் இன் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. பாம்பின் பெயர் அனந்தராமன். ஸ்போக்கன் இங்கிலீஷ் ட்ரெய்னராம். மூன்று காடுகளில் அனுபவமாம். சம்பளமே வேண்டாம், மதியச் சாப்பாடு போதும் என்றதும், தாளாளர் நின்ற இடத்திலேயே ஆர்டரில் கையெழுத்துப் போட்டார்.

அனந்தராமன் சார் கரும்பலகைப் பக்கமே போகவில்லை. மனப்பாடமெல்லாம் போன தலைமுறை, இனிமேல் ஆக்டிவிட்டிதான் என்றார். பிள்ளைகளை வட்டமாக உட்காரச் சொன்னார். அந்த வட்டத்தையும் தன் உடம்பாலேயே போட்டுக் கொடுத்தார். பிறகு நடுவில் தலையை நீட்டிக் கேட்டார்.

“ஹூ இஸ் கமிங் டு மீ?”

பவிஷ் என்ற முயல்குட்டி, வகுப்பில் முதல் ரேங்க், நெஞ்சைத் தொட்டு “ஐ” என்றது. விடை சரி. அடுத்த நொடி பவிஷ் இல்லை. சார் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

சுகுணா மிஸ்ஸின் அலகு திறந்தது திறந்தபடி நின்றது. கத்திவிடலாம் என்றுதான் நினைத்தாள். அதற்குள் சார் அதே கேள்வியை மறுபடி கேட்டார். மூன்று மாதமாக வாயே திறக்காத அணில்குட்டி, சட்டென்று மான்குட்டியைக் காட்டி ‘ஹீ’ என்றது. மான்குட்டி பதிலுக்கு அணிலைக் காட்டி ‘யூ’ என்றது. அடுத்தது மயில்குஞ்சைக் காட்டி ‘ஷீ’. நரிக்குட்டி, அதன் சாமர்த்தியம் அதற்கு, கடைசி வரிசை மொத்தத்தையும் காட்டி ‘தே’ என்றது. சாருக்கு அன்றைக்குப் பவிஷே போதுமாயிருந்தது, மற்ற விடைகளுக்குத் தலையை மட்டும் ஆட்டினார். தொண்டை வற்றக் கத்தியும் மண்டையில் ஏறாத பாடம் மூன்றே நிமிஷத்தில் ஏறிவிட்டது.

சுகுணா மிஸ் அலகை மூடிக்கொண்டாள்.

சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப்போக முயலம்மா வந்தாள். சுகுணா மிஸ் தரையைப் பார்த்தபடியே, பவிஷ் ரொம்ப நன்றாகப் படிக்கிறான், அதனால் ஹாஸ்டலில் எடுத்துக்கொண்டோம் என்றாள். முயலம்மாவின் கண் கலங்கியது, பெருமையில். ஹாஸ்டல் ஸ்ட்ரிக்டா என்று விசாரித்தாள். மூச்சுவிட முடியாது என்றாள் மிஸ். அதில் பொய் இல்லை.

“எப்பங்க மிஸ் வந்து பாக்கலாம்?”

“முழுப்பரீட்சை முடியட்டும்மா. நடுவுல பாத்தா புள்ள ஏங்கிடும்.”

“அதுவும் வாஸ்தவந்தான். வெளிய விடாம படிக்க வைங்க.”

விஷயம் பரவிவிட்டது. மறுநாள் காலை ஆலமரத்தடியில் ஒரே கூட்டம். காட்டுப்பன்றி சிபாரிசுக் கடிதத்தோடு வந்திருந்தது. மானம்மா நேராகவே சண்டைக்கு வந்தாள்.

“அந்த வீட்டுப் புள்ளைய மட்டும் எடுத்தா எப்படி மிஸ்? முயலுக்கு என்ன கொம்பா முளைச்சிருக்கு?”

அன்று முதல் வீட்டுக்கு வீடு ட்யூஷன். சார் கேட்டதும் நெஞ்சைத் தொட்டு ‘ஐ’ சொல்லு, முந்திரிக்கொட்டை மாதிரி முந்திச் சொல்லு என்று பெற்றோரே பழக்கி அனுப்பினார்கள். அம்மா பேச்சைக் கேட்ட பிள்ளைகள் எல்லாம் வரிசையாக ஹாஸ்டலில் சேர்ந்தன. கேளாத இருபத்துமூன்று மட்டும் வகுப்பில் மிஞ்சின. மிஞ்சியவை ப்ரோநவுனைக் கரைத்துக் குடித்திருந்தன. சுகுணா மிஸ் வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போது மட்டும் ஒரு பக்கத்தை வேகமாகத் தள்ளிவிடுவாள்.

பெற்றோர் தினம் வந்தது. சிறப்பு விருந்தினர் யானை வழக்கம்போல இரண்டு மணிநேரம் தாமதம். அதனால் அனந்தராமன் சாரின் மதியச் சாப்பாடும் தள்ளிப்போனது. ஒருவழியாகப் பிள்ளைகள் மேடை ஏறின. ஜரிகைத் துப்பட்டா போட்ட சுகுணா மிஸ் ஓரமாக நின்று கண்ணால் தைரியம் சொன்னாள். சார் மேடையைச் சுற்றி வட்டம் போட்டார். கேள்வியைக் கேட்டார்.

பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்தன. யாரும் யாரையும் காட்டவில்லை. பிறகு இருபத்துமூன்று விரல்களும் ஒன்றாக மேடை ஓரத்துக்கு நீண்டன.

“ஷீ.”

விரல்கள் நேராக இருந்தன. குரலில் பிசிறில்லை. ஒரு குட்டிகூடத் தப்பாகச் சொல்லவில்லை. வெரி குட், சில்ட்ரன் என்று சொல்லும் அளவுக்குத்தான் சுகுணா மிஸ்ஸுக்கு அவகாசம் இருந்தது.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. தாளாளர் மைக்கை வாங்கி, சுகுணா மிஸ்ஸின் வேலை இன்று முதல் நிரந்தரம் என்று அறிவித்தார்.

நீதி: பிள்ளைகளுக்குப் புரியும்படி பாடம் நடத்தாதீர்கள், புரிந்துவிட்டால் உங்களிடமே செய்து காட்டுவார்கள்.