வௌவாலின் கிளையும் அணிலின் மேக்ரோவும்

ஒரு காட்டில், ராஜாவுக்குத் தலைவாரிவிடக்கூட மெஷின் வந்துவிட்டது. கேளுங்கள் இந்தக் கூத்தை! சிங்கராஜாவைக் குளிப்பாட்டி, எண்ணெய் பூசி, பிடரியைச் சீவிவிட ஒரு ரோபோக் கை. அதற்கு ஆணை எழுதுபவர் வௌவால் கோசலராமன். இப்படி எழுதுவார்:

சீவு(பூசு(எண்ணெய், கழுவு(ராஜா)))

கடைசி வேலை முதலில், முதல் வேலை கடைசியில். உள்ளேயிருந்து வெளியே படிக்க வேண்டும். தலைகீழாகத் தொங்குகிறவருக்கு அது அல்வா சாப்பிடுகிற மாதிரி. மற்றவர்களுக்குக் கிறுகிறுத்துவிடும். அதனால்தான் அரண்மனை ஆலமரத்தில் நல்ல நிழல் கிளையாகப் பார்த்து அவருக்குக் கொடுத்திருந்தார்கள்.

ஒருநாள் அணில் பூவிழி குதித்துக்கொண்டு வந்தாள். "மகாராஜா, மேக்ரோன்னு ஒரு குட்டி புரோகிராம் எழுதியிருக்கேன்! வேலை நடக்கிற வரிசையிலேயே எழுதிக்கலாம். மெஷின் ஓடறதுக்கு முன்னாடி மேக்ரோவே அதைப் பழைய மாதிரி மாத்திக் குடுத்துடும்."

ராஜா → கழுவு → பூசு(எண்ணெய்) → சீவு

"அட, எனக்கே புரியுதே!" என்று சிங்கம் துள்ளியது. "நாளைக்கு இது ஓடட்டும். ஓடிட்டா, கோசலராமா, நீ கிளையைக் காலி பண்ணிடு."

வௌவால் அவசரமாகப் பறந்து வந்து, மேக்ரோ மாற்றித் தந்ததை எட்டிப் பார்த்தார்.

சீவு(பூசு(கழுவு(ராஜா), எண்ணெய்))

அடி சக்கை! முந்தின வேலை முடிந்து வருவது எதுவானாலும், மேக்ரோ அதை அடுத்த வேலையின் அடைப்புக்குள் முதல் இடத்தில் திணித்துவிடுகிறது. 'பூசு'வுக்கோ முதலில் எதை என்று சொல்ல வேண்டும், அப்புறம்தான் எதன்மேல். அப்படியானால் ராஜாமேல் எண்ணெய் இல்லை, எண்ணெய்மேல் ராஜா! சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தார். கிளை பிழைத்தது என்ற சந்தோஷத்தில் வாயை இறுக மூடிக்கொண்டார்.

மறுநாள் காடே திரண்டு நின்றது. ரோபோக் கை ராஜாவைக் கழுவியது. பிறகு இடுப்பைப் பிடித்து அலாக்காகத் தூக்கி, எண்ணெய் அண்டாவுக்குள் விட்டுத் தேய் தேய் என்று தேய்த்தது. கடைசியாக அண்டாவை வெகு பொறுப்பாகச் சீவிவிட்டது.

யானை கண்ணைப் பொத்திக்கொண்டது. அணில் அழவே ஆரம்பித்துவிட்டாள். வௌவாலுக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரே குஷி.

சிங்கம் வழுக்கி வழுக்கி வெளியே வந்தது. இடுப்பை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தது.

"ஆஹா! முதுகுவலி போன இடமே தெரியலையே! இந்தச் சுகத்தை இத்தனை வருஷமா எனக்குக் குடுக்காம ஏமாத்தினவன் எவன்டா?"

காடு மொத்தமும் நிமிர்ந்து மேலே பார்த்தது. சாயங்காலத்துக்குள் கிளையில் அணிலின் பெயர்ப்பலகை ஏறிவிட்டது.

நீதி: எத்தனை காலம் மறைத்து வைத்தாலும், நீங்கள் பிழையில்லாமல் வேலை பார்த்த விஷயம் ஒருநாள் வெளியே தெரிந்தே தீரும்.